ஐந்து வீட்டுக்கு ஒரு கிரைண்டர்

திருநெல்வேலிப் பக்கம் போய் ஒரு கிரைண்டரைச் சரிசெய்துவிட்டு வா என்று முதலாளி சொன்னபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. அங்கே மெக்கானிக்கே கிடையாதா? கோயம்புத்தூரிலிருந்து நான் எதற்கு? ஆனால் அது ஐந்து பெண்கள் சேர்ந்து பேங்க் கடனில் வாங்கிய மிஷின். தபால் கார்டுக்கு மேல் கார்டு போட்டிருந்தார்கள். வாரண்டியும் முடியவில்லை. பேரிங், புஷ், பெல்ட், ஸ்பேனர், சுத்தியல் எல்லாவற்றையும் பையில் அடைத்துக்கொண்டு கிளம்பினேன். தொண்ணூறுகளின் பாதி தாண்டிய ஓர் ஆவணி மாதம்.

போன இடத்தில் நான் போட்ட கத்தலுக்கு அவர்கள் என்னைத் துரத்தி விட்டிருக்கலாம். சோறு போட்டார்கள். அதை எழுதாமல் விட்டால் சரியில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் திருநெல்வேலி ஜங்ஷனில் இறங்கினேன். நான் சிறுவாணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவன். வேறு ஊர்த் தண்ணீரை வாயில் வைத்தால் முகத்தைச் சுளிப்பேன். பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து ஓட்டலில் இட்லியோடு வைத்த தண்ணீரைக் குடித்துவிட்டு இன்னொரு டம்ளர் கேட்டேன். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல மாட்டேன்.

பாவநாசம் போகும் பஸ்ஸில் ஏறினேன். நான் இறங்க வேண்டியது வழியில், சேரன்மகாதேவியில். கண்டக்டர் என் பையைக் காலால் தட்டிப் பார்த்தார். "இதுக்கு லக்கேஜ் போடணும் வே" என்றார். எங்கள் ஊரில் ஆட்டுக்குட்டியைக்கூட வாங்க போங்க என்று கூப்பிடுவோம். முன்பின் தெரியாத ஆள் என்னை 'வே' என்றதும் தலைக்கு ஏறிவிட்டது. யாரைப் பார்த்து வே என்கிறீர்கள் என்று கேட்டேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. பக்கத்தில் இருந்த பெரியவர், அது மரியாதைதான், மரியாதை இல்லாவிட்டால் லே என்றிருப்பார் என்று சமாதானம் சொன்னார். எனக்கு அது இன்னும் கோபத்தைக் கிளப்பியது. சேரன்மகாதேவி வந்தது. இறங்கியும் விடாமல் படிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கண்டக்டரோடு சண்டை போட்டேன். "எறங்கியாச்சுல்லா, கைய எடும் வே" என்று அவர் விசிலை ஊதினார். பஸ் போய்விட்டது. சீட்டுக்கு அடியில் இருந்த என் பையும் போய்விட்டது.

என்னை அழைத்துப் போக இரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள். நான் நடுரோட்டில் நின்று பஸ்ஸைத் திட்டியது முழுவதையும் பார்த்திருக்கிறார்கள். மூத்தவள் பேச்சியம்மாள், அந்தப் பெண்கள் சங்கத்துக்குத் தலைவி. நாற்பத்தைந்து வயது இருக்கும், கணீர்க் குரல். இன்னொருத்தி இசக்கியம்மாள், முப்பதைத் தாண்டியவள், ஒல்லி, அதிகம் பேசாதவள்.

"மெக்கானிக் அண்ணாச்சிதானா?" என்று பேச்சியம்மாள் கேட்டாள். "சாமான எங்க?"

"பஸ்ஸில போகுதுங்க."

அவள் இசக்கியைப் பார்த்தாள். இரண்டு பேரும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். பிறகு இசக்கிதான், பஸ் பாவநாசம் போய் நின்றதும் பையை டைம் கீப்பர் ரூமில் இறக்கி வைத்துவிடுவார்கள், காணாமல் போகாது, நாளைக்குக் காலையில் போய் எடுத்து வரலாம், தானும் கூட வருவதாகச் சொன்னாள்.

அவர்கள் ஊர் வாய்க்காலைத் தாண்டி ஒன்றரை மைல். போகும்போதே பேச்சியம்மாள் விஷயத்தைச் சொல்லிவிட்டாள். ஐந்து பேர் கொண்ட சங்கம். ஒருத்தர் கடனுக்கு மற்ற நாலு பேரும் ஜவாப்தாரி. முதலில் பேச்சியம்மாள் கடன் வாங்கிப் பெரிய அடுப்பும் சட்டியும் வைத்து வடை போட ஆரம்பித்தாள். அடுத்தவள் ஆப்பக் கடை. மூன்றாமவள் வீடுகளுக்குத் தோசை மாவு. நான்காமவள் பள்ளிக்கூடத்துப் பக்கம் பணியாரம். நாலு பேருக்கும் வியாபாரம் கூடி, ஆட்டுக்கல்லில் ஆட்டி மாளவில்லை என்ற பிறகுதான் எல்லாருமாகச் சேர்ந்து கடன் போட்டு இந்தக் கிரைண்டரை வாங்கினார்கள். ஐந்தாவது ஆள் இசக்கி. அவள் முறை இன்னும் வரவில்லை. வருகிற வெள்ளிக்கிழமை பேங்க் ஆபீசர் வருகிறார். கிரைண்டர் ஓடினால் இசக்கிக்குக் கடன். ஓடவில்லை என்றால் சங்கத்துக்கே இனிமேல் கடன் கிடையாது.

பேச்சியம்மாள் வீட்டில் மிஷினைப் பார்த்தேன். தொட்டியைச் சாய்த்து மாவு எடுக்கிற பத்து லிட்டர் டில்டிங் கிரைண்டர், நல்ல கல். சுவிட்சைப் போட்டால் மோட்டார் முனகியது, தொட்டி சுற்றவில்லை. கையால் சுற்றிப் பார்த்தேன். தொட்டியைச் சுற்ற வைக்கும் ஷாஃப்ட் ஆடியது. ஒரு வருஷம்கூட ஆகாத மிஷின் பத்து வருஷம் ஓட்டலில் அடிபட்டது போல இருந்தது. அடிச்சட்டத்தில் சேறு காய்ந்திருந்தது. மாவு அரைக்கிற மிஷினில் சேறு எப்படி வந்தது என்று கேட்டேன். சாப்பிடக் கூப்பிட்டார்கள்.

உளுந்தம்பருப்புச் சோறு. தோல் எடுக்காத தொலி உளுந்தையும் அரிசியையும் தேங்காயையும் பூண்டையும் சேர்த்து வேக வைத்தது, தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல். எங்கள் பக்கம் அரிசிம்பருப்புச் சாதம் என்று ஒன்று உண்டு. உலகத்திலேயே அதுதான் உயர்வு என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன். பேச்சியம்மாளின் புருஷன் கட்டிலில் உட்கார்ந்தபடி, கோவை ஆளுக்குக் கோபமும் ஜாஸ்தி, பசியும் ஜாஸ்தி என்றார். அவரோடு சண்டை போடவில்லை. வாயில் சோறு இருந்தது.

புதன்கிழமை காலையில் இசக்கியோடு பாவநாசம் பஸ். ஜன்னல் பக்கம் உட்கார்ந்தேன். வழி நெடுக வயல், வாழை, வாய்க்கால், மறுபடியும் வயல். எங்கள் ஊரில் ஆயிரம் அடி போர் போட்டுப் புழுதியை எடுப்போம். இங்கே ரோட்டோரமாகத் தண்ணீர் கேட்பாரில்லாமல் ஓடுகிறது. பார்க்கப் பார்க்கக் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. அம்பாசமுத்திரத்தில் மாஞ்சோலை பஸ் நின்றது. மலைமேல் தேயிலை எஸ்டேட்டுக்குத் திரும்புகிறவர்கள் காய்கறி மூட்டையோடும் கம்பளியோடும் ஏறிக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்க, கம்பளியைப் பார்த்ததும் அந்த பஸ்ஸிலேயே ஏறிவிடலாமா என்று இருந்தது.

பாவநாசத்தில் டைம் கீப்பர் ரூமில் என் பை இருந்தது. வாய் கிழிந்திருந்த இடத்தைச் சணல் போட்டுக் கட்டியிருந்தார்கள். நேற்றைய கண்டக்டரும் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தார். ஸ்பேனர் ஒவ்வொன்றாக விழுந்துவிடும் என்று அவர்தான் கட்டியதாம். "எண்ணிப் பாத்துக்கிடும் வே" என்றார். எண்ணினேன். எல்லாம் இருந்தது. தேங்க்ஸுங்க என்றேன். சண்டை போடும்போது வந்த குரல் அப்போது வரவில்லை. அவர் எனக்கும் ஒரு டீ சொன்னார்.

திரும்பும்போது விக்கிரமசிங்கபுரத்தில் இறங்கலாமா என்று இசக்கி கேட்டாள். நூல் மில்லுக்கு எதிரே ஓர் இடத்தைக் காட்ட வேண்டுமாம். மில் கேட்டுக்கு எதிர்ச் சாரியில் ஒரு டீக்கடை, அதை ஒட்டிப் புங்கமரம், மரத்தடியில் ஒரு தள்ளுவண்டி நிற்கும் அளவுக்குக் காலி இடம். இவள் ஒரு வருஷமாகக் கூடையில் இட்லி கொண்டுவந்து மில் ஆட்களுக்கு விற்கிறாள். பஸ்ஸில் வருவதற்குள் இட்லி ஆறிவிடும். ஆறிய இட்லிக்கு விலை பேசுவார்கள். ஒரு வண்டியும் அடுப்பும் இருந்தால் இந்த இடத்திலேயே சூடாக எடுத்துப் போடலாம். கடன் கேட்டிருப்பது அதற்குத்தான். டீக்கடைக்காரர் இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கும் டீ கூடுதலாக விற்கும்.

ஆனால் அன்றைக்கு அவர் முகம் கொடுக்கவில்லை. கிரைண்டர் நின்றதிலிருந்து பத்து நாளாக இவள் வரவில்லை. பரோட்டா போடுகிற ஒருத்தன் அதே இடத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

"இட்லியும் வரல, நீயும் வரல. நான் எடத்தக் கட்டிப் போட்டுக்கிட்டு இருக்கணுமாக்கும்?" என்றார்.

"சனிக்கிழமை வாரேன் அண்ணாச்சி. பேங்க் சீட்டோட வாரேன்."

"சனிக்கிழம வரைக்கும் பாக்கேன். ஞாயித்துக்கிழம அவன் அடுப்பு கட்டிருவான், சொல்லிட்டேன்."

பஸ்ஸில் திரும்பும்போது இசக்கி என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். மிஷின் ஓடிருமா என்று. ஓடும் என்றேன். ஷாஃப்ட் உள்ளே எப்படி இருக்கிறது என்று பார்க்காமல் சொன்ன சொல் அது. என் தொழிலில் அப்படிச் சொல்லக் கூடாது.

வியாழக்கிழமை விடிந்ததும் மிஷினைப் பிரித்துப் போட்டேன். பேரிங்குக்குள் மணல். மோட்டார் மூடியைத் திறந்தால் நெல் உமி, காய்ந்த பாசி. வந்த கோபத்தில் ஸ்பேனரைத் தரையில் போட்டேன். ஐந்து பேரும் வரிசையாக நின்றார்கள். இதை எங்கேயாவது தூக்கிக்கொண்டு போனீர்களா என்று கேட்டேன்.

தூக்கிக்கொண்டு போகாத இடமே இல்லை என்று தெரிந்தது. வயலுக்குத் தண்ணீர் முறை விடுவது போலக் கிரைண்டருக்கும் முறை வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு வீட்டிலும் மூன்று நாள். மூன்று நாள் முடிந்ததும் குழவியைத் தனியாக எடுத்துவிட்டு, மிஷினைக் கயிறு போட்டு மூங்கிலில் தொங்கவிட்டு, நாலு பேர் சுமந்துகொண்டு வாய்க்கால் வரப்பு வழியாக அடுத்த வீடு. ஒரு தடவை வரப்பு வழுக்கி மிஷின் வாய்க்காலுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டது. எடுத்து, துடைத்து, வெயிலில் வைத்து, குங்குமம் வைத்து மறுபடியும் ஓட்டியிருக்கிறார்கள்.

நான் கத்தினேன். இது தண்ணீர் இல்லை, மிஷின், ஊர்கோலம் போக இது சாமியும் இல்லை, ஒரே வீட்டில் வைத்து ஐந்து பேரும் அங்கே வந்து அரைத்தால் கை குறைந்தா போய்விடும் என்றெல்லாம் கேட்டேன். இன்னும் மோசமாகவும் சொன்னேன். அதை எழுத வேண்டாம்.

பேச்சியம்மாள் நான் முடிக்கும்வரை நின்றாள்.

"கத்தி முடிச்சாச்சா? இனி நாஞ் சொல்லுதேன் கேளுங்க. மிஷினுக்கு முந்தி, சங்கத்துக் காசுல பெரிய இட்லிக் கொப்பரை ஒண்ணு வாங்கினோம். ஒரே வீட்லதான் வச்சிருந்தோம். அந்த வீட்டு ஆம்பள அத என் கொப்பரைன்னு சொல்லி, கல்யாண வீட்டுக்கு வாடகைக்கு விட்டாவ. பொறவு அடகு வச்சாவ. பொறவு கொப்பரையே இல்ல. யாரு வீடுன்னு நெனைக்கிய? என் வீடுதான்."

கட்டிலில் இருந்த அவள் புருஷன் எழுந்து, மாட்டைப் பார்ப்பது போல வெளியே போனார். அந்த வீட்டில் மாடு கிடையாது.

"மூணு நாளைக்கு மேல ஒரு பொருள் ஒரு வீட்ல இருந்தா அது அந்த வீட்டுப் பொருளாப் போயிருதுல்லா" என்றாள் பேச்சியம்மாள். "அதான் தூக்கிக்கிட்டு அலையுதோம். எங்களுக்கு மட்டும் தோள் வலிக்காதா?"

முட்டாள்தனம் என்று நான் கத்தியதற்குப் பின்னால் இவ்வளவு இருந்தது. ஆனால் மிஷினுக்கு அது தெரியாதே. இன்னும் ஒரு மாதம் வரப்பில் போய்வந்தால் மறுபடியும் இதே கதைதான், அப்போது ஷாஃப்ட்டே ஒடியும் என்று சொன்னேன். தணிந்த குரலில்தான் சொன்னேன். நான் பழைய பேரிங்கைத் தட்டி எடுக்க ஆரம்பித்தேன்.

இசக்கி என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, கழற்றி வைத்திருந்த குழவிக்கல்லை உருட்டிப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, கொழவி இல்லாம இது அரைக்குமா?"

எப்படி அரைக்கும், வெறும் தொட்டிதான் சுற்றும் என்றேன்.

"இதத் தூக்கிக்கிட்டுப் போனா மிஷின் கெடுமா?"

கெடாது என்று சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. பேச்சியம்மாளுக்கும் புரிந்துவிட்டது.

"ஏட்டி" என்றாள் அவள். "மிஷினு இங்கனயே கெடக்கட்டும். கொழவி மட்டும் முறை போவட்டும். கொழவி யாரு வீட்ல இருக்கோ அவுகளுக்குத்தான் மிஷினு. எங்க வீட்டு மனுசன் தொட்டியத் தடவிக்கிட்டே இருந்தாலும் ஒரு உளுந்து அரையாது."

ஐந்து பேரும் சிரித்த சிரிப்பில் புருஷன் வாசலில் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டார். இருபத்தைந்து வருஷமாக இந்த மாதிரி மிஷின்களைக் கழற்றி மாட்டுகிறவன் நான். குழவியை ஒரு சாவி மாதிரி அதுவரை நினைத்ததே இல்லை.

சாயங்காலத்துக்குள் புது பேரிங், புது புஷ் போட்டு, மோட்டாரைக் காய வைத்து, சட்டத்தை நாலு போல்ட்டில் தரையோடு முடுக்கினேன். மிஷின் ஓடியது. ஐந்து பேரும் மாறி மாறி அரைத்தார்கள். எஸ்.டி.டி. பூத்தில் போய் முதலாளியிடம் வேலை முடிந்தது, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றேன். ஒரு நாள் வேலைக்கு ஐந்து நாளா என்று கேட்டார். ஆமாம் என்று போனை வைத்தேன்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு வர வேண்டிய ஆபீசர் ஒன்பதுக்கே மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டார். பேச்சியம்மாள் ஊறிய உளுந்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். குழவி முறைப்படி வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஆப்பக்காரி வீட்டில் இருந்தது. ஆபீசருக்கு ஓட்டிக் காட்ட அதை எடுத்து வரத்தான் இசக்கி போயிருந்தாள்.

ஆபீசர் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "மேல் கல் எங்கம்மா? வித்தாச்சா?"

இல்லை சார், முறைக்குப் போயிருக்கிறது என்றாள் பேச்சியம்மாள். அது அவருக்கு எப்படி விளங்கும்? போன மாதம் இன்னொரு ஊரில் தையல் மிஷினுக்குத் தலை இல்லையாம், அங்கேயும் இப்படித்தான் ஏதோ சொன்னார்களாம். ஃபைலை மூடி, அடுத்த ஊருக்கு நேரமாகிறது, ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்று எழுந்தார்.

எனக்கு வந்ததே கோபம். மோட்டார் சைக்கிளுக்கு முன்னால் போய் நின்றேன். நான் கம்பெனி மெக்கானிக், இந்த மிஷின் நேற்று என் கையால் ஓடியது, நீங்கள் இரண்டு மணி நேரம் முன்னால் வந்துவிட்டு இவர்களைத் திருடர்கள் என்பீர்களா, உட்காருங்கள், ஓடுகிறதைப் பார்த்துவிட்டு எழுதுங்கள், பார்க்காமல் எழுதினால் அது பொய் என்றேன். பேச்சியம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டாள். நான் எல்லாவற்றையும் கெடுத்துவிட்டேன் என்று அவள் நினைத்தது முகத்தில் தெரிந்தது. எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஆபீசர் என்னைப் பார்த்தார். வரப்பைப் பார்த்தார். இசக்கி தலையில் சும்மாடு வைத்து, குழவிக்கல்லை ஏற்றிக்கொண்டு, முழங்கால் வரை நனைந்தபடி வந்துகொண்டிருந்தாள். மோட்டார் சைக்கிளைக் கண்டதும் ஓட ஆரம்பித்தாள். "பைய வாட்டி, விழுந்திராத" என்று பேச்சியம்மாள் இங்கிருந்து கத்தினாள்.

ஆபீசர் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தார்.

குழவியை மாட்டினேன். உளுந்தைப் போட்டேன். அது பந்து போலப் பொங்கி வந்தது. பிறகு பேச்சியம்மாள் மாவை வழித்து நேராக எண்ணெய்ச் சட்டிக்குக் கொண்டுபோனாள். இரண்டாவது வடையைக் கடித்துக்கொண்டே ஆபீசர், குழவி ஏன் ஊர் சுற்றுகிறது என்று கேட்டார். பேச்சியம்மாள் கொப்பரைக் கதையைச் சொன்னாள். புருஷனை வைத்துக்கொண்டே சொன்னாள். ஆபீசருக்குச் சிரிப்பில் புரையேறியது.

"இதை எந்தக் கட்டத்துல எழுதறது?" என்று ஃபாரத்தைப் புரட்டினார். கடைசியில் 'இயங்குகிறது' என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். இசக்கி பேருக்குக் கடன் சிபாரிசு செய்ததாக ஒரு சீட்டும் கிழித்துக் கொடுத்தார். போகும்போது என்னிடம், இப்படிக் கத்தினால் பி.பி. வரும் என்றார். ஏற்கெனவே இருக்கிறது என்றேன்.

பேச்சியம்மாள் எனக்கு இலையில் ஆறு வடை வைத்துக் கொடுத்தாள். நன்றி நான்தான் சொல்லியிருக்க வேண்டும். அவர்கள் கொடுத்த யோசனையை அதற்குப் பிறகு மதுரைப் பக்கமும் தஞ்சாவூர்ப் பக்கமும் எத்தனையோ சங்கங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். என் யோசனை என்று ஓர் இடத்திலும் சொன்னதில்லை.

சனிக்கிழமை விடிகாலை பஸ்ஸில் இசக்கியோடு விக்கிரமசிங்கபுரம் போனேன். எனக்கு அங்கே வேலை இல்லை. ஊருக்குத் திரும்ப எதிர்த்திசையில் போக வேண்டியவன். டீக்கடைக்காரர் சீட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து ஒரு நிமிஷம் படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, புங்கமரத்தடியில் போட்டிருந்த தன் விறகுக் கட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து அந்தப் பக்கம் அடுக்க ஆரம்பித்தார். நானும் இரண்டு கட்டு எடுத்துப் போட்டேன்.

வண்டி வர இன்னும் நாளாகும். இசக்கி கூடையை இறக்கி, சாக்கை விரித்து உட்கார்ந்தாள்.

"ஒரு வருசமா இந்த ரோட்ல நடந்துக்கிட்டேதான் வித்தேன். நின்னா வாட்ச்மேன் வெரட்டுவான்" என்றாள்.

மில்லில் சங்கு ஊதியது. கேட்டைத் திறந்ததும் சைக்கிள்கள் மொத்தமாக ரோட்டுக்கு வந்தன. பஞ்சு ஒட்டிய தலையோடு ஆட்கள் மரத்தைப் பார்த்துத் திரும்பினார்கள். பத்து நாளாக எங்கே போனாய் என்று ஒருவன் கேட்டான். இன்னொருவன் பேசாமல் இலையை நீட்டினான். நான் அவளுக்கு முன்னால் நின்று கூட்டத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணாச்சி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றாள் இசக்கி, தலை நிமிராமல் இட்லி எடுத்து வைத்துக்கொண்டே. "யாவாரம் நடக்கட்டும்."

தள்ளி நின்றேன்.